தண்டவாளத்து வீடும் ஒரு செம்புத் தண்ணீரும்

வீரகத்தி வீடு பார்க்கப் போனபோது கையோடு ஒரு செம்பும் கொண்டு போனார். வீடு பார்க்கப் போகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று மெல்ல விசாரிப்பார்கள். இந்த மனிதர் வந்ததும் வராததுமாகக் கிணற்றில் தண்ணீர் அள்ளி, செம்பை விளிம்பு முட்ட நிரப்பி, நடு அறை நிலத்தில் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"என்ன காணும், பூசை ஏதும் செய்யப் போறீரோ?" என்று வீட்டுக்காரர் யோகலிங்கம் கத்தினார். கோபத்தில் கத்தவில்லை. ரயில்வேயில் பாதை வேலை செய்து, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வீட்டையும் கட்டி இருந்தவர். அவருக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது.

"கோச்சி எப்ப வரும், அண்ணை?"

"எந்தக் கோச்சி?"

"ஏதாவது ஒண்டு."

வவுனியா ஸ்டேசனைத் தாண்டி வடக்கே பாதை வளைகிற இடத்தில் அந்த வீடு இருந்தது. பின்வேலிக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு மாடு படுத்தால் அதன் வால் பாதையில் கிடக்கும், அவ்வளவுதான் இடம். வீடு நல்ல வீடு. கல்வீடு, ஓட்டுக் கூரை, உள்ளே காற்றோட்டம், தேங்காய் காய்க்கிற மூன்று தென்னை. யோகலிங்கத்தின் மனைவி செத்துப் போனா. மகள் சாவகச்சேரியில் இருந்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் விற்க நினைத்தார்.

முதலில் சத்தம் வரவில்லை. செம்புத் தண்ணீரின் நடுவில் மெல்லிய வட்டம் ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகுதான் தூரத்தில் கூவல் கேட்டது. அதற்குப் பிறகு கேட்பானேன்! காங்கேசன்துறையில் இருந்து சீமெந்து ஏற்றிக்கொண்டு வந்த சாமான் கோச்சி வீட்டுக்குள்ளாலேயே போவது போலப் போனது. யன்னல் நடுங்கியது, ஓடு கிலுகிலுத்தது, செம்பிலிருந்து தண்ணீர் தளும்பிச் சீமெந்து நிலத்தில் கோடாக ஓடிச் சுவரடியில் போய் நின்றது. வீரகத்தி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?" என்று யோகலிங்கம் கேட்டார்.

"யோசிப்பம்" என்றார் வீரகத்தி.

இந்த "யோசிப்பம்" என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைதடியில் பிறந்து வளர்ந்த வீரகத்தி பேச்சு வந்த நாளில் இருந்து அந்தச் சொல்லோடுதான் சீவித்தார். மனைவி பத்மாசனியின் தகப்பன் அந்தக் காலத்தில் கலியாணம் பேசி நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்த பிறகு, "மாட்டன் எண்டாவது சொல்லச் சொல்லுங்கோ, நான் வேற வேலையைப் பாக்கிறன்" என்று பெண்ணே சொல்லி அனுப்பியது ஊரறிந்த கதை. நெடுங்கேணிப் பக்கம் குளத்துக்குக் கீழே குடியேற்றத்திட்டம் வந்து காணி கொடுத்தபோதும் அப்படித்தான். பெரிய வாய்க்கால் ஓரத்துக் காணிகளை எல்லாம் மற்றவர்கள் வாயைத் திறந்து கேட்டு எடுத்துக்கொள்ள, இவர் யோசித்து முடிக்கும்போது மிச்சமிருந்தது காட்டோரத்துக் காணி ஒன்றுதான். ஆனை வருகிற வழி. திட்டத்தில் இருந்த பெடியள் மழைக்குள் அவரைக் கண்டால், "அண்ணை, குடையை விரிக்கிறதோ வேண்டாமோ எண்டு யோசிச்சு முடிஞ்சுதோ?" என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்த வீட்டு விஷயத்தில் அவர் யோசித்ததற்குக் காரணம் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் அவர் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்திருந்தார்.

முதல் பிள்ளை மாரிகாலத்தில் வந்தது. பத்மாசனிக்கு நோக்காடு தொடங்கியதும் வண்டிலில் வைக்கோல் பரப்பி, மேலே கிடுகு கட்டி, அவளை ஏற்றிக்கொண்டு வீரகத்தியும் பக்கத்துக் காணிச் சின்னராசாவும் புறப்பட்டார்கள். திட்டத்தில் இருந்து பெருந்தெருவுக்குப் போக ஒரு தாம்போதியைக் கடக்க வேண்டும். கோடையில் அது வெறும் மணல் பள்ளம், வண்டில் சில்லு நனையாது. மாரியில் குளம் வான்பாய்ந்தால் ஆள் உயரத்துக்கு வெள்ளம் போகும். அன்றைக்கு வெள்ளம் போனது. வீரகத்தி கரையில் நின்று, இப்போது இறக்கலாமா, கொஞ்சம் வற்றிய பிறகு இறக்கலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றார். யார் நின்றிருந்தாலும் இறக்கியிருக்க முடியாது, மாடு அள்ளுண்டு போயிருக்கும். அது வேறு கதை. வண்டிலுக்குள்ளேயே ஆண் பிள்ளை பிறந்தது. அழவில்லை. அவ்வளவுதான்.

கரையெல்லாம் தவளை கத்தியது. அந்தக் கத்தலுக்கு நடுவில் ஒரே ஒரு அழுகைச் சத்தத்துக்காக வீரகத்தி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அதன் பிறகு மழை விட்டுத் தவளை கத்தத் தொடங்கினால் அவரால் வீட்டுக்குள் இருக்க முடியாது. எழும்பி வெளியே போய்விடுவார்.

இரண்டாவது வேறு விதம். ஆறாம் மாதம். வாழைக்குள் ஆனை பூந்துவிட்டது என்று அதே சின்னராசா துவக்கை எடுத்து வெடி வைத்தான். ஆனைக்கு வைத்த வெடியில் பத்மாசனி படுக்கையில் இருந்து துள்ளி எழும்பி "அம்மா!" என்று குளறினாள். இரண்டொரு நாளில் அந்தப் பிள்ளையும் போய்விட்டது. "திடுக்கிட்டால் கொடி அறுந்து போகும், வயித்துப்பிள்ளைக்காரிக்குக் கிட்ட இருந்து வெடி வைக்கலாமோ?" என்று திட்டத்துப் பெண்கள் சின்னராசாவைத் திட்டித் தீர்த்தார்கள். அவன் அழுதான். அதற்குப் பிறகு துவக்கைத் தொடவே இல்லை, ஆனை வந்தால் தகரம் தட்டுவான்.

இப்போது மூன்றாவது. ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பத்மாசனிக்கு வயதும் ஏறிக்கொண்டு போனது. இதுதான் கடைசி என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. கைதடிக் காணிப் பங்கு விற்ற காசு கையில் இருந்தது. ஆசுப்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீடு வாங்கி அவளை அங்கே வைத்துவிட்டு, தான் வயலுக்கும் வீட்டுக்குமாக ஓடித் திரியலாம் என்பது வீரகத்தியின் திட்டம். கையில் இருந்த காசுக்கு ஆசுப்பத்திரிக்குக் கிட்டக் கிடைத்த ஒரே கல்வீடு தண்டவாளத்தோடு ஒட்டிய வீடு. தூரம் ஒரு பிள்ளையைத் தின்றது, சத்தம் ஒன்றைத் தின்றது. இந்த வீட்டில் தூரம் இல்லை, சத்தம் இருந்தது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்பு கொடுத்து வைத்தது, அதற்குப் பெண்சாதி இல்லை.

வீடு பார்த்துவிட்டு வந்த அன்றைக்குப் பத்மாசனி கேட்டாள்.

"ஆசுப்பத்திரி எவ்வளவு தூரம்?"

"கிட்ட. நடந்தே போகலாம்."

"இடையில தாம்போதி இருக்கோ?"

"இல்லை."

"பேந்தென்ன? வாங்குங்கோ."

"செம்பில வைச்ச தண்ணி தளும்பிப்போச்சு, பத்மா. நிலம் நடுங்குது."

"நான் என்ன செம்போ?" என்று பத்மாசனி கேட்டாள். அவள் அப்படித்தான். கலியாணத்துக்கு முன்பே சொல்லி அனுப்பியவள் அல்லவா.

வீரகத்தி சாத்திரியாரிடம் போனார். சாத்திரியார் விரல் மடித்துப் பார்க்கவே இல்லை, கேட்டவுடனேயே தலையை ஆட்டினார். பிள்ளைத்தாச்சிப் பெண்ணைக் கொண்டு புது வீடு குடிபுகக் கூடாது, பால் காய்ச்சக் கூடாது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். வீரகத்திக்கு ஒரு பக்கம் பயம், மறுபக்கம் பெரிய ஆறுதல். இனி அவர் முடிவெடுக்க வேண்டியதில்லை, சாத்திரமே எடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். பத்மாசனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அந்த வெயிலுக்குள் தானே சாத்திரியார் வீட்டுக்கு நடந்தாள்.

"ஐயா, குடிபுகக் கூடாதெண்டால் சரி. விருந்துக்குப் போய் நிக்கலாமோ?"

சாத்திரியார் வெற்றிலையை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "விருந்துக்குப் போறதுக்குச் சாத்திரத்தில தடை இல்லைப் பிள்ளை" என்றார்.

இப்படியாக அவர்கள் தாங்கள் வாங்கப் போகிற, அல்லது வாங்காமல் விடப் போகிற வீட்டுக்கு விருந்தாளிகளாகப் போனார்கள். யோகலிங்கத்துக்குச் சந்தோசம். தனியாகச் சோறு பொங்கித் தின்று சலித்தவர். "பிள்ளை பிறக்குமட்டும் நில்லுங்கோ, பிடிச்சால் வாங்குங்கோ. ஆனால் கடைக்காரன் ஒருத்தனும் கேட்டுத் திரியிறான், பொங்கலுக்கு முன்னம் ஒரு சொல் சொல்லிப்போடும்" என்று தெருமுழுக்கக் கேட்கக் கத்தினார். அடுப்பு யோகலிங்கத்தின் அடுப்பு, பானை யோகலிங்கத்தின் பானை, பூட்டின் திறப்பும் அவர் மடியில்தான். பத்மாசனி அந்த வீட்டில் சோறு ஆக்கினாள், கறி ஆக்கினாள், பாலை மட்டும் அடுப்பில் வைக்கவில்லை. பால் பொங்கிவிட்டால் விருந்து குடிபுகுதலாகிவிடும் என்று தேத்தண்ணீரையும் வெறும் தேத்தண்ணீராகவே குடித்தார்கள்.

வீரகத்திக்கு அன்றிலிருந்து நித்திரை போனது.

முதல் வேலையாக அவர் கட்டில் கால் நான்குக்கும் கீழே உமி அடைத்த சாக்கு வைத்தார். நெல்லுக்குற்றும் ஆலையில் கேட்டு வாங்கி, தலையில் சுமந்து வந்த உமி. நடுக்கத்தை உமி குடித்துவிடும் என்பது அவருடைய எண்ணம். பத்மாசனி ஏறிப் படுத்ததும் கட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தது.

"இதென்ன கட்டிலோ தோணியோ?"

"ஆடாமல் படு. கோச்சி வரப்போகுது."

எந்தக் கோச்சி எப்போது வரும் என்று ஸ்டேசன் மாஸ்டருக்கு அடுத்தபடி வவுனியாவில் அறிந்திருந்தவர் வீரகத்திதான். யாழ்தேவி வருகிற நேரம் அவர் கிணற்றடியில் நின்றால் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வருவார். ஓடி வந்து பத்மாசனியின் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நிற்பார், கோச்சியின் சத்தத்தைக் கையால் மறைத்துவிடலாம் என்பது போல. கோச்சி போனதும், "துடிக்குதோ? துடிக்குதோ?" என்பார். "உள்ளுக்க பிள்ளை நித்திரை, நீங்கள் எழுப்பாதேங்கோ" என்பாள் அவள். இரவில் மெயில் கோச்சி போகும்போது அவள் குறட்டை விட்டுத் தூங்குவாள். அவர் கட்டிலடியில் குந்தியிருப்பார். கண் இரண்டும் குழி விழுந்து, வந்தபோது இருந்த ஆளில் பாதி ஆகிவிட்டார்.

அந்தப் பகுதி மருத்துவிச்சி அற்புதம், முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, சைக்கிளில் வந்து பத்மாசனியைப் பார்த்துவிட்டுப் போவா. வயிற்றைத் தடவிப் பார்த்தா, காதுவைத்துக் கேட்டா. பிறகு வீரகத்தியை மேலும் கீழும் பார்த்தா.

"பிள்ளை சுகமா இருக்கு. தாயும் சுகம். உம்மைப் பாத்தால்தான் உமக்கு வயித்தில பிள்ளை போலக் கிடக்கு."

"திடுக்கிட்டால் கொடி அறுந்துபோகும் எண்டு சொல்லுகினம், அம்மா..."

"கடல் எங்கட வீட்டு வாசலில கிடந்து இரவு பகலா இடிக்குது. நாங்கள் ஒன்பது பேர் பிறந்தனாங்கள். கொடி ஒண்டும் அறாது. போய்ப் படும்."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டா. வீரகத்தி படுக்கவில்லை. கடல் இடிப்பது வேறு, இரும்பு இடிப்பது வேறு என்று யோசித்துக்கொண்டு வேலியோரம் நடந்தார்.

மாதம் முட்டி வருகிற நேரம் அது நடந்தது. விடியற்காலை சீமெந்துக் கோச்சி போனது. பத்மாசனி குசினிக்குள் நின்றாள். சுவர்த் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய மண்பானை நடுங்கி நடுங்கி விளிம்புக்கு வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்து சிதறியது. "அம்மா!" என்றாள். அதே "அம்மா". வீரகத்தி அந்தச் சத்தத்தை மறப்பாரா? ஓடிப் போய்ப் பார்த்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

"துடிக்குதோ?"

"பொறுங்கோ."

"பத்மா, துடிக்குதோ?"

"இல்லை... பொறுங்கோ எண்டு சொல்றன்."

வெயில் ஏறுமட்டும் பிள்ளை அசையவில்லை. உச்சிப் பொழுதில் அசைந்தது, நன்றாகவே உதைத்தது. பத்மாசனி கூப்பிட்டுச் சொன்னாள். ஆனால் வீரகத்தி நம்பவில்லை. தன்னை ஆற்றச் சொல்கிறாள் என்று நினைத்தார். அதற்கு முன்பே அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நெடுங்கேணிப் பக்கம் போகிறவர் ஒருவரிடம் சின்னராசாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். வைக்கோல் போட்டு வண்டிலைக் கொண்டு வா. பஸ் குலுக்கும், வண்டில் மெத்தென்று இருக்கும். வீட்டுக்குப் போகிறோம். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் செய்த காரியம் அதுதான், அதுவும் பிழையான காரியம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்!

மறுநாள் சின்னராசா வண்டிலோடு வந்து சேர்ந்தபோது வானம் கறுத்துப்போய்க் கிடந்தது. வடகிழக்கில் மின்னல் வெட்டியது. அவன் மாட்டை அவிழ்க்காமலே நின்று வானத்தைப் பார்த்தான்.

"அண்ணை, அங்கால மழை போலக் கிடக்கு. நான் வரேக்க தாம்போதியில முழங்காலுக்குத் தண்ணி."

"முழங்காலுக்குத்தானே? கெதியாப் போனால் தாண்டிப்போடலாம். சாமானை ஏத்து."

பாயும், தலையணையும், கொண்டு வந்த பானையும் சட்டியும் வண்டிலில் ஏறின. யோகலிங்கம் வாசலில் நின்று, "உமக்கென்ன விசரே?" என்று கத்தினார். வீரகத்தி கேட்காதவர் போலச் செம்பை எடுத்துப் படிக்கட்டில் வைத்தார், கடைசியாக ஏற்ற. பத்மாசனி உள்ளே இருந்து வந்தாள். வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நான் வரேல்லை."

"பத்மா, சொல்லுறதைக் கேள். இந்தச் சத்தத்துக்குள்ள..."

"சத்தம், சத்தம், சத்தம்! அண்டைக்குத் தாம்போதிக் கரையில வண்டிலுக்குள்ள என்ன சத்தம் இருந்தது? சொல்லுங்கோ! அந்தப் பிள்ளைக்கு ஆர் வெடி வைச்சது? ஒரு சத்தமும் இல்லாமல்தானே போச்சுது!"

வீரகத்தியின் வாய் தானாகத் திறந்து பழக்கப்பட்ட சொல்லைச் சொன்னது.

"கொஞ்சம் யோசிப்பம்..."

"யோசிச்சு யோசிச்சுத்தான் ரெண்டைப் புதைச்சாச்சு" என்றாள் பத்மாசனி.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். சின்னராசா தலையைக் குனிந்துகொண்டு மாட்டின் கழுத்தைத் தடவினான். யோகலிங்கம்கூட மெல்லத்தான் செருமினார். வீரகத்தியின் கண்ணீர் தாடியில் இறங்கியது, துடைக்கவும் இல்லை.

"சரி" என்றாள் அவள், குரல் இறங்கி. "உங்கட பிள்ளையுந்தானே. வாறன்."

ஒரு படி இறங்கினாள். இரண்டாம் படிக்குக் கால் வைக்கவில்லை. நிலைக்கதவை மறுபடி எட்டிப் பிடித்தாள். பன்னீர்க்குடம் உடைந்து படியெல்லாம் நனைந்தது.

யோகலிங்கம் அந்த வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள், ரயில்வே ஆட்களுக்கு உண்மையாகவே ஏதோ உடன்பிறந்த வேகம் இருக்கிறது என்றார்கள். முதல் மழைத்துளி விழ முன்பு அற்புதத்தின் சைக்கிள் வாசலில் வந்து சாய்ந்தது. உள்ளே போனா, பார்த்தா. "இனி எங்கேயும் கொண்டுபோகேலாது, இஞ்சதான்" என்று குரல் கொடுத்தா. சுடுதண்ணீர் கேட்டா. கதவைச் சாத்தினா.

பிறகு மழை ஊற்றியது. வீரகத்தி வண்டிலடியிலேயே நின்றார். உள்ளே வாருங்கோ என்று யோகலிங்கம் கூப்பிட்டார், சின்னராசா சாக்கை எடுத்துத் தலையில் போட்டுவிட்டான், அவர் அசையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பத்மாசனி குளறினாள். குளறும்போது அவருக்குத் தைரியமாக இருந்தது. குளறல் பெரிதாகிப் பெரிதாகி ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றது.

நின்ற பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மழை விட்டது. தண்டவாளத்தோரப் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து தவளைகள் கத்தத் தொடங்கின. வீரகத்திக்கு இந்தச் சத்தம் தெரியும். தாம்போதிக் கரை தெரியும். வண்டில், மழை, சின்னராசா, தவளை, எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே இருந்தன. உள்ளே கையால் அடிக்கிற சத்தம் கேட்டது, ஈரத்தோலில் அடிக்கிற சத்தம். பிறகும் அடித்தது. "மாதாவே" என்று அற்புதம் சொல்வதும் கேட்டது. வீரகத்தி கையைக் கூப்பினார். பிள்ளையாரப்பா, இது அழ வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை, வீடும் வேண்டாம் காணியும் வேண்டாம், ஒருக்கால் அழட்டும்.

படிக்கட்டில் அவர் வைத்த செம்பு மழைத் தண்ணீரால் நிரம்பியிருந்தது. அந்தத் தண்ணீரின் நடுவில் மெல்லிய வட்டம் ஒன்று விழுந்தது. மழைத்துளி அல்ல.

"கோச்சி!" என்று வீரகத்தி கத்தினார்.

எதற்குக் கத்தினார், யாரை மறிக்கக் கத்தினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சாக்கை உதறிவிட்டு ஓடினார். படியில் தடுக்கிச் செம்பைத் தட்டிவிட்டு, சாத்திய கதவில் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றார், வயிற்றின் மேல் வைத்து நிற்பது போலவே. தெரு பாதையைக் கடக்கிற கேற்றடியில் கோச்சி கூவியது. அப்படி ஒரு நீளக் கூவலை அந்த டிறைவர் அதற்கு முன்பும் கூவவில்லை, பின்பும் கூவவில்லை என்று யோகலிங்கம் பிறகு சத்தியம் செய்வார். சீமெந்துக் கோச்சி முழுப் பாரத்தோடு வந்தது. கதவு அவர் கைக்குள் நடுங்கியது. யன்னல் அடித்தது, ஓடு கிலுகிலுத்தது, கட்டில் காலடியில் இருந்த உமிச்சாக்கு எந்தப் பிரயோசனமும் இல்லாமல் கிடந்தது. பெட்டிக்குப் பின் பெட்டியாக, பெட்டிக்குப் பின் பெட்டியாக, முடிகிற பாடாய் இல்லை.

முடிந்தது. கடைசிப் பெட்டியின் சத்தம் ஸ்டேசன் பக்கம் தேய்ந்து போனபோது அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. மெல்லிய, கீச்சென்ற, நல்ல கோபமான சத்தம். எப்போது தொடங்கியது என்று ஒருவருக்கும் தெரியாது. கோச்சி போன பிறகு பார்த்தால் அழுகை இருந்தது.

வீரகத்தி கதவிலேயே சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அற்புதத்தின் நெற்றியெல்லாம் வேர்வை. கையில் சீலைச் சுருளுக்குள் கறுத்துச் சிவந்த ஒரு முகம், வாயைத் திறந்து, ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"பொம்பிளைப்பிள்ளை. என்ர கை அடிதான் அடி" என்றா அற்புதம், கையைக் காட்டி.

"கையோ? சீமெந்துக் கோச்சியெல்லோ கூவி எழுப்பினது!" என்று யோகலிங்கம் கத்தினார்.

"உங்கட கோச்சியும் நீங்களும்! நான் ரெண்டு நிமிசம் முன்னம் இருந்து அடிச்சுக்கொண்டிருக்கிறன்!"

"அப்ப ஏன் கோச்சி வந்த பிறகு அழுதது? கேளும், கேளும்!"

இருவரும் அந்த வாசலிலேயே சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டை பிறகு வருசக்கணக்காக நடந்தது, யோகலிங்கம் சாவகச்சேரியில் இருந்து பிள்ளையைப் பார்க்க வரும்போதெல்லாம். வீரகத்தி இரண்டு பக்கமும் சேரவில்லை. உள்ளே பத்மாசனியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"நான் சொன்னது... மனசில வைச்சிருக்காதேங்கோ."

"நீ ஒண்டும் சொல்லேல்லை" என்றார் வீரகத்தி.

வெளியே சின்னராசா நனைந்த மாட்டோடு நின்றான். முகமெல்லாம் பல்லாக இருந்தது. அவனுக்குக் கேலி பண்ண வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

"அண்ணை, வண்டில் பூட்டினபடி நிக்குது. வெளிக்கிடுறதோ, நிக்கிறதோ? ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ, அவசரமில்லை."

"மாட்டை அவிழ்" என்றார் வீரகத்தி.

சொல்லிவிட்டு யோகலிங்கத்தின் பக்கம் திரும்பி, அந்த மனிதருக்கும் கேட்கும்படி கத்தினார். "அண்ணை, பிள்ளைத் துடக்குக் கழிய வீட்டு உறுதியை என்ர பேரில எழுதுவம். கடைக்காரனுக்குச் சொல்லிப்போடுங்கோ."

சின்னராசா நுகத்தைத் தூக்கினான். வீரகத்தி மழைத் தூறலுக்குள் வண்டிலில் இருந்த பாயையும் பானையையும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். கவிழ்ந்து கிடந்த செம்பையும் எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தார். உள்ளே பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அதை அமத்த ஒருவரும் அவசரப்படவில்லை.